பிரேக்கில் காற்று பிடித்திருக்கிறதா? பழைய காருக்கு வீட்டிலேயே 'ஏர்' எடுப்பது எப்படி?

தாம்பரத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி ரோட்டில் வண்டலூர் பக்கம் போகும்போது, பெருங்களத்தூரில் ஐ.டி வளாகமும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் உயர்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சென்னைக்கு 'இந்தியாவின் டெட்ராய்ட்' என்ற பட்டப்பெயர் வருவதற்கு வெகுகாலம் முன்பே அங்கே கார் தயாரானது. 'ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா' நிறுவனத்தின் ஆலை இருந்த இடம் அது.

1961-ல் அந்த நிறுவனம் அறிமுகப்படுத்திய கார்தான் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு'. இங்கிலாந்தின் 'ட்ரையம்ப் ஹெரால்டு' காரின் நம்ம ஊர் வடிவம். டிசைன் செய்தவர் இத்தாலியைச் சேர்ந்த ஜியோவானி மிக்கெலோட்டி. பானெட்டைத் தூக்கினால் முன்பக்க மட்கார்டுகளோடு சேர்ந்து மொத்தமாக முன்னால் சாய்ந்துவிடும். முன் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜின் வேலை பார்க்கலாம். இங்கிலாந்தில்கூட வராத நான்கு கதவு ஹெரால்டு, 1960-களின் கடைசியில் நம் ஊரில் வந்தது. பிறகு கெஸல், ஸ்டாண்டர்டு 20 வேன், 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்று வரிசையாக வந்து, 1988-ல் கார் உற்பத்தி நின்றுபோனது.

ஆலை போய்விட்டது, கார்கள் போகவில்லை. தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கத்துப் பழைய தனி வீடுகளில் தாத்தா வாங்கிய ஹெரால்டோ, அப்பா ஓட்டிய பத்மினியோ, அம்பாசடரோ உறை போர்த்தி நிற்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டார்ட் செய்து ஒரு ரவுண்டு போய்வந்தால் வீட்டுக்கே சந்தோஷம்.

இப்படி வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் ஓடும் கார்களில், சத்தமே இல்லாமல் கெட்டுப்போகும் பாகம் பிரேக். இன்ஜின் கெட்டால் வண்டி கிளம்பாது. பேட்டரி போனால் செல்ஃப் எடுக்காது. பிரேக் கெட்டால் மட்டும் வண்டி ஜோராகக் கிளம்பும். நிற்கும்போதுதான் விஷயம் தெரியும்!

ஒரே குழாய், நான்கு சக்கரம்

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் பாஸ்கல் விதி படித்திருப்பீர்கள். அடைபட்ட திரவத்தின் ஓர் இடத்தில் அழுத்தம் கொடுத்தால், அது எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும். ஹைட்ராலிக் பிரேக் முழுக்க முழுக்க இதுதான். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டன் பிரேக் ஆயிலைத் தள்ளுகிறது. அந்த அழுத்தம் குழாய்கள் வழியே நான்கு சக்கரங்களில் இருக்கும் வீல் சிலிண்டர்களுக்குப் போய், பிரேக் ஷூவை டிரம் மேல் அழுத்துகிறது.

இப்போது வரும் கார்களில் இந்தக் குழாய் அமைப்பு இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒன்றில் ஓட்டை விழுந்தாலும் இன்னொன்று வண்டியை நிறுத்தும். அமெரிக்காவில் 1968-லேயே கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். ஆனால் ஹெரால்டிலும், ஆரம்பகால அம்பாசடர், ஃபியட் கார்களிலும் இருப்பது ஒரே சர்க்யூட். நான்கு சக்கரங்களில் எந்த ஒன்றில் ஒரு வாஷர் கிழிந்தாலும் நான்கு பிரேக்கும் போய்விடும். மிச்சம் இருப்பது கேபிளில் இயங்கும் ஹேண்ட் பிரேக் மட்டும்தான்.

அதனால், 'பெடல் கொஞ்சம் மெத்துமெத்துன்னு இருக்கு, பரவாயில்ல, ரெண்டு தடவை பம்ப் பண்ணா பிடிக்குது' என்று சமாளித்து ஓட்டுவது இந்தக் கார்களில் ரொம்பவே ஆபத்தானது.

காற்று எப்படி உள்ளே வருகிறது?

திரவத்தை அமுக்கினால் அது சுருங்காது. காற்று சுருங்கும். குழாயில் ஒரு சின்னக் காற்றுக்குமிழி இருந்தால்கூட, நீங்கள் மிதிக்கும் விசையில் ஒரு பங்கு அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும். பெடல் பஞ்சு போல அமுங்கும். இந்தக் காற்றை வெளியேற்றுவதைத்தான் மெக்கானிக்குகள் 'ஏர் எடுப்பது', 'பிளீடிங்' என்கிறார்கள்.

வாஷர் தேய்ந்தாலோ, ஆயில் அளவு குறைந்தாலோ, சிலிண்டரையோ குழாயையோ கழற்றி மாட்டினாலோ காற்று உள்ளே புகுந்துவிடும். சென்னைக்கு இன்னொரு தனிப் பிரச்னை இருக்கிறது. அதுதான் ஈரம். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. டப்பா மூடியின் காற்றுத் துளை வழியாகவும், ரப்பர் ஹோஸ்கள் வழியாகவும் ஈரம் மெதுவாக ஏறிக்கொண்டே இருக்கும். கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இது நடக்கும்.

ஈரம் ஏறினால் என்ன ஆகும்? டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகான அளவுகோல் 155 டிகிரிதான். டாட் 3 வகைக்கு இது 205-ம் 140-ம். முடிச்சூர் ரோட்டில் ஓட்டும்போது இந்த வித்தியாசம் தெரியாது. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலோ, கொல்லிமலையின் 70 வளைவுகளிலோ இறங்கும்போது டிரம் சூடேறி, ஆயில் கொதித்து ஆவியானால், அந்த ஆவியும் காற்றைப் போலவே சுருங்கும். பெடல் தரை வரை போய்விடும். போதாததற்கு, அதே ஈரம் இரும்பு வீல் சிலிண்டரை உள்ளிருந்து துருப்பிடிக்கவும் வைக்கும்.

எனவே, கார் ஓடிய கிலோமீட்டரைப் பார்க்காமல், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை முழுவதுமாக மாற்றிவிடுவது நல்லது.

முதலில் பெடலைப் படியுங்கள்

எல்லாப் பிரேக் கோளாறுக்கும் ஏர் எடுப்பது மருந்து ஆகாது. ஸ்பானரை எடுக்கும் முன், வண்டியை நிறுத்திவைத்துப் பெடலை மிதித்துப் பாருங்கள்.

* பஞ்சு போல அமுங்குகிறது. பம்ப் செய்தால் மேலே வருகிறது: குழாயில் காற்று இருக்க வாய்ப்பு அதிகம். ஏர் எடுக்க வேண்டும்.

* ரொம்பக் கீழே போய்தான் பிடிக்கிறது. ஆனால், பிடிக்கும்போது கல் போல இருக்கிறது: பிரேக் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகமாகியிருக்கலாம். பழைய டிரம் பிரேக்குகள் பலவற்றில் இதைக் கையால்தான் அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். ஏர் எடுக்கும் முன் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

* மிதித்துப் பிடித்தால் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போகிறது: வெளியே எங்கும் கசிவு இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டருக்குள் வாஷர் போயிருக்கிறது. எத்தனை முறை ஏர் எடுத்தாலும் சரியாகாது.

* பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது: ஏதோ ஒரு வீல் சிலிண்டர் இறுகியிருக்கலாம், அல்லது ஷூ மேல் ஆயில் கசிந்திருக்கலாம். டிரம்மைத் திறந்து பார்க்காமல் முடிவு செய்ய முடியாது.

நான்கு சக்கரங்களின் உள்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். டயரின் உள்பக்கச் சுவரில் ஈரக் கோடு தெரிந்தால், அது வீல் சிலிண்டர் கசிவாக இருக்கலாம். முதலில் அதைச் சரிசெய்யுங்கள், பிறகுதான் பிளீடிங்.

'ஆயில்' என்ற பெயரில் ஓர் ஆபத்து

நாம் 'பிரேக் ஆயில்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது எண்ணெய் வகையே இல்லை. கிளைக்கால் சார்ந்த ஒரு ரசாயனத் திரவம். பெயரை நம்பி, அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலையோ, பவர் ஸ்டீயரிங் ஆயிலையோ ஊற்றினால், உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர்கள் அத்தனையும் ஊதிப்போய்விடும். பாகங்களை டீசலிலோ பெட்ரோலிலோ கழுவினாலும் இதே கதிதான். ஸ்பிரிட், பிரேக் கிளீனர், அல்லது புது பிரேக் ஆயில் ஆகியவற்றால் மட்டுமே சுத்தம் செய்யுங்கள்.

உங்கள் காரின் கையேடு எந்த வகையைச் சொல்கிறதோ, அதையே வாங்குங்கள். டாட் 3, டாட் 4 இரண்டும் ஒரே குடும்பம். டாட் 5 என்பது சிலிக்கான் வகை. அதை இவற்றோடு கலக்கவே கூடாது. இதற்காக அலையவும் வேண்டாம். லூகாஸ் கூட்டு முயற்சியில் டி.வி.எஸ் குழுமம் 1962-ல் பாடியில் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா தொடங்கி, பல நிறுவனங்களின் பிரேக் ஆயில் எல்லா ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளிலும் கிடைக்கிறது. சீல் உடையாத டப்பாவாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். போன வருடம் திறந்து மிச்சம் வைத்த பாதி டப்பா ஏற்கெனவே ஈரத்தைக் குடித்திருக்கும்.

என்னென்ன வேண்டும்?

* அரை லிட்டர் பிரேக் ஆயில் டப்பா இரண்டு
* நிப்பிளில் கச்சிதமாக உட்காரும் ரிங் ஸ்பானர் (ஹெரால்டு போன்ற ஆங்கிலேயக் கார்களில் அங்குல அளவு, மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டால் முனை தேய்ந்துவிடும்)
* உள்ளே தெரியும் மெல்லிய பிளாஸ்டிக் டியூப் (மீன் தொட்டிக்கு வாங்குவது போன்றது)
* உள்ளே தெரியும் ஒரு காலி பாட்டில்
* ஜாக்கி, ஆக்சில் ஸ்டாண்டு, சக்கரத்துக்கு முட்டுக்கட்டைகள்
* கையுறை, கண்ணாடி, பழைய துணி, ஒரு வாளித் தண்ணீர்
* பொறுமையாகப் பெடல் மிதிக்க, பெரியவர் ஒருவர்

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையோ தலையோ விடக் கூடாது. செங்கல், ஹாலோ பிளாக் கல் மேல் காரை நிறுத்துவதும் வேண்டாம். அவை சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். கார் நிற்கும் தரை சமமாக, கெட்டியாக இருக்க வேண்டும். டிரம்மைத் திறந்தால் உள்ளே இருக்கும் கறுப்புத் தூசியை ஊதாதீர்கள். பழைய பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

ஸ்டெப் பை ஸ்டெப்

1. முந்தைய நாளே தொடங்குங்கள். நிப்பிள்களைச் சுற்றியுள்ள மண்ணை வயர் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஓர் இரவு விடுங்கள். வருடக்கணக்கில் திறக்காத நிப்பிளை முரட்டுத்தனமாகத் திருகினால் முறிந்துவிடும். அசையவில்லை என்றால் அதோடு நிறுத்திவிடுவதே புத்திசாலித்தனம்.

2. மாஸ்டர் சிலிண்டர் டப்பாவை நிரப்புங்கள். மூடியைத் திறக்கும் முன் சுற்றிலும் துடையுங்கள். பெயின்ட் மேல் பிரேக் ஆயில் சிந்தினால் பெயின்ட்டே உரிந்து வந்துவிடும். சிந்திய உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

3. தூரத்தில் இருக்கும் சக்கரத்தில் தொடங்குங்கள். நம் கார்களில் மாஸ்டர் சிலிண்டர் வலதுபக்கம் இருப்பதால், பொதுவான வரிசை: இடது பின், வலது பின், இடது முன், வலது முன். சில மாடல்களில் பின்பக்கம் இரண்டுக்கும் சேர்த்து ஒரே நிப்பிள்தான் இருக்கும். உங்கள் காரின் கையேடு வேறு வரிசை சொன்னால், அதுதான் சரி. பின்சக்கரங்களில் வேலை செய்யும்போது ஹேண்ட் பிரேக்கை விடுவித்திருக்க வேண்டும். அதனால், முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் முட்டுக்கட்டை கட்டாயம்.

4. டியூபை மாட்டுங்கள். நிப்பிளில் முதலில் ஸ்பானர், அதன் பிறகு டியூப். டியூபின் மறுமுனை, பாட்டிலில் ஊற்றிய கொஞ்சம் புது ஆயிலுக்குள் மூழ்கியிருக்க வேண்டும். அப்போதுதான் குமிழி வெளியேறுவது தெரியும். காற்றும் திரும்பி உள்ளே ஏறாது.

5. குரல் கொடுத்து வேலை செய்யுங்கள். உள்ளே இருப்பவருக்கு நிப்பிள் தெரியாது. கீழே இருப்பவருக்குப் பெடல் தெரியாது. இருவரையும் இணைப்பது குரல்தான். அப்பா கீழே, மகள் ஸ்டீயரிங்கில் என்று வைத்துக்கொள்ளுங்கள். வசனம் இவ்வளவுதான்:

"அமுக்கும்மா!"

"அமுக்கிட்டேன்ப்பா!" (இப்போது நிப்பிளை அரைச் சுற்று திறக்க வேண்டும். பழைய ஆயிலும் குமிழியும் டியூபில் வரும்.)

"கீழ வந்துடுச்சுப்பா!" (பெடலை அப்படியே பிடித்திருக்க, நிப்பிளை மூட வேண்டும்.)

"மூடிட்டேன், மெதுவா விடும்மா!"

நிப்பிள் மூடிய பிறகுதான் பெடலில் இருந்து கால் எழ வேண்டும். பிளீடிங்கில் ஒரே ஒரு விதியைத்தான் மனப்பாடம் செய்ய வேண்டும் என்றால், அது இதுதான். திறந்திருக்கும்போது பெடல் மேலே வந்தால், வெளியே போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும்.

6. பெடலை முரட்டுத்தனமாக மிதிக்க வேண்டாம். தினசரி ஓட்டத்தில் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் பாதித் தூரம்தான் போய் வந்திருக்கும். அதற்கு அப்பால் உள்ள பகுதியில் துருவும் அழுக்கும் படிந்திருக்கும். பெடலைத் தரை வரை ஓங்கி மிதித்தால், நன்றாக இருக்கும் வாஷரும் அந்தத் துருவில் உரசிக் கிழியலாம். பெடலுக்கு அடியில் ஒரு சின்ன மரக்கட்டையை வைத்துவிட்டால், அது தரை தட்டாது. மெதுவாக மிதித்து, மெதுவாக விட்டு, சில விநாடிகள் இடைவெளி கொடுங்கள்.

7. டப்பாவைப் பார்த்துக்கொண்டே இருங்கள். ஐந்தாறு முறை மிதித்ததும் ஆயில் அளவைச் சரிபார்த்து நிரப்புங்கள். டப்பா காலியாகி மாஸ்டர் சிலிண்டர் காற்றை இழுத்துவிட்டால், முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

8. எப்போது போதும்? குமிழி நின்று, கறுத்த ஆயிலுக்குப் பதில் தெளிவான புது ஆயில் வரும் வரை. பிறகு நிப்பிளை மூடி, அதன் ரப்பர் தொப்பியை மாட்டிவிட்டு, அடுத்த சக்கரத்துக்குப் போங்கள். நிப்பிளை அளவாக இறுக்கினால் போதும். பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். வெளியே வந்த ஆயிலைத் திரும்பவும் டப்பாவில் ஊற்ற வேண்டாம்.

சோதனை: ஜி.எஸ்.டி ரோட்டில் வேண்டாம்!

வேலை முடிந்ததும் இன்ஜினை ஆஃப் செய்த நிலையில் பெடலை அழுத்தமாக மிதித்து ஒரு நிமிடம் அப்படியே பிடியுங்கள். பெடல் கெட்டியாக நிற்க வேண்டும். கீழே இறங்கக் கூடாது. அந்த நேரத்தில் இன்னொருவர் நான்கு நிப்பிள்களையும் டிஷ்யூ பேப்பரால் தொட்டுப் பார்க்கட்டும். பேப்பர் நனைந்தால் கசிவு இருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு வீட்டு காம்பவுண்டுக்குள்ளோ, ஆள் நடமாட்டம் இல்லாத தெருவிலோ நடக்கும் வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். கை ஹேண்ட் பிரேக்கில் இருக்கட்டும். நேராக, நான்கு சக்கரமும் ஒரே மாதிரி பிடித்து நிற்கிறதா என்று பார்த்த பிறகே வேகத்தைக் கூட்டுங்கள். மறுநாள் காலை, மீண்டும் ஒருமுறை டப்பாவில் அளவைப் பாருங்கள். பிரேக் ஆயில் தானாகக் குறையவே குறையாது. ஷூ தேயத் தேய அளவு லேசாக இறங்கும். ஒரே இரவில் குறைந்தால் அது கசிவுதான்.

எப்போது மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்?

இரண்டு முறை ஏர் எடுத்தும் பெடல் கெட்டியாகவில்லை, மிதித்துப் பிடித்தால் இறங்குகிறது, நிப்பிள் முறிந்துவிட்டது, பிரேக் குழாய் துருப்பிடித்திருக்கிறது அல்லது ரப்பர் ஹோஸில் வெடிப்பு தெரிகிறது என்றால், வீட்டு வேலை அத்தோடு முடிந்தது. காரை 'மெதுவா ஓட்டிட்டுப் போயிடலாம்' என்று கிளப்ப வேண்டாம். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், அல்லது ரெக்கவரி வேனில் ஏற்றி அனுப்புங்கள்.

வெள்ளத்தில் நின்ற காருக்கும் இது பொருந்தும். 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தபோது, முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கியதை மறக்க முடியாது. அப்படிச் சக்கரம் மூழ்க நின்ற காருக்கு ஆயில் மாற்றுவது மட்டும் போதாது. நான்கு டிரம்மையும் திறந்து சிலிண்டர், ஷூ, பேரிங் கிரீஸ் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும்.

உதிரிபாகம் கிடைக்குமா என்ற கவலை ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு எப்போதும் உண்டு. தயாரித்த நிறுவனமே இல்லை. ஆனால், ட்ரையம்ப் கார்களுக்கு இங்கிலாந்தில் ரசிகர்கள் அதிகம் என்பதால், அங்கே வாஷர் கிட், சிலிண்டர் போன்றவை இப்போதும் விற்பனையாகின்றன. உள்ளூரில் ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை கடைகளில் பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப்போய் அளவு பார்த்துத் தேடலாம். உள்பக்கம் தேய்ந்த சிலிண்டருக்கு லேத்தில் ஸ்லீவ் போட்டுத் தருகிறவர்களும் உண்டு. எந்த வழியில் வாங்கினாலும், 'கிட்டத்தட்ட இதே சைஸ்' என்ற வாஷரைப் பிரேக்கில் மட்டும் போட வேண்டாம்.

பாட்டிலில் மிச்சம் இருப்பது...

வேலை முடிந்த களைப்பில் நாம் மறந்துபோகும் விஷயம் ஒன்று இருக்கிறது. பழைய பிரேக் ஆயில் விஷம். அதைத் தண்ணீர் பாட்டிலிலோ, கூல் டிரிங்க்ஸ் பாட்டிலிலோ விட்டு வைத்தால், குழந்தைகள் ஜூஸ் என்று நினைத்துக் குடித்துவிடும் அபாயம் இருக்கிறது. உடனே வேறு கேனுக்கு மாற்றி, இறுக மூடி, பெரிய எழுத்தில் பெயர் எழுதி, எட்டாத இடத்தில் வையுங்கள். யாராவது தவறிக் குடித்துவிட்டால், வாந்தி எடுக்க வைக்க முயலாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மழைநீர் வடிகாலில் ஊற்றினால் அது ஏரிக்கும் ஆற்றுக்கும்தான் போய்ச் சேரும். கழிவு ஆயிலை முறையாகச் சேகரிக்கும் வொர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக, ஒரு துண்டுப் பேப்பரில் இன்றைய தேதியையும் ஊற்றிய ஆயில் வகையையும் எழுதி, பானெட்டின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். அடுத்து அந்த பானெட்டைத் திறப்பது நீங்களாகவும் இருக்கலாம், உங்கள் பிள்ளையாகவும் இருக்கலாம். இரண்டு வருடம் ஆகிவிட்டதா என்பதை அந்தப் பேப்பர் சொல்லிவிடும்!